பெட்டியோடு வாங்குவதா, பொறுக்கிச் சேர்ப்பதா?

வீட்டுக்குக் கண்காணிப்புக் கேமரா போட நினைக்கும் எல்லாரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். நான்கு கேமரா, ரிக்கார்டர், கேபிள் எல்லாம் ஒரே பெட்டியில் கடையில் கிடைக்கின்றன. அதை வாங்கி மாட்டிவிடலாமா? அல்லது ஒவ்வொரு கேமராவையும் பார்த்து வாங்கி, பழைய கணினி ஒன்றில் மென்பொருள் போட்டு நாமே அமைத்துக்கொள்ளலாமா?

பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் சென்ற மாதம் இதையே கேட்டிருந்தார். கீழே கடை, மேல்மாடியில் எழுபது வயதைத் தாண்டிய அம்மா. இவர் இரவில் கடையைப் பூட்டிவிட்டு பட்டர்வொர்த்துக்குப் போய்விடுவார். அம்மாவோ அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். முன்பு ஒருமுறை யாரோ பின்கதவை உடைத்திருக்கிறார்கள். அப்போதும் கேமரா இருந்தது. அதன் சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. போலீஸ் பதிவைக் கேட்டபோதுதான் ஹார்ட் டிஸ்க் எப்போதோ செத்துப்போன விஷயம் தெரிந்திருக்கிறது. இந்த முறை கல்லூரியில் படிக்கும் அக்காள் மகன், எல்லாவற்றையும் தானே அமைத்துத் தருவதாகச் சொல்கிறானாம்.

விலைப்பட்டியலை எடுக்கும் முன் வீட்டைப் பார்க்க வேண்டும். முன்னாளில் பிட் ஸ்ட்ரீட் என்று அழைக்கப்பட்ட இந்தச் சாலை, 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ்டவுன் பகுதிக்குள் இருக்கிறது. இங்குள்ள பழைய கடைவீடுகள் முகப்பில் குறுகலாக இருக்கும். உள்ளே நீண்டுகொண்டே போகும். நடுவில் கனத்த செங்கல் சுவர்கள். முன்னறையில் நன்றாக வரும் வைஃபை, பின்பக்கச் சமையலறையில் தடுமாறும். உடைபட்டதோ பின்கதவு. எனவே இப்படிப்பட்ட வீட்டில் கேபிள் வழிக் கேமராதான் நம்பகமானது. பி.ஓ.இ. வகையில் மின்சாரமும் படமும் ஒரே கேபிளில் போகும். ஒரு கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் வாசலிலிருந்து கொல்லை வரை தாராளமாக எட்டும். ஆனால் சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் துளை போட்டால் பொலபொலவென்று உதிரும். மரபுடைமைக் கட்டடத்தின் முகப்பைத் தொடுவதற்கு முன் மாநகராட்சியிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

அடுத்தது அஞ்சடி. பகலில் அங்கே நிழல். அதற்கு அப்பால் சாலையில் கண்ணைக் கூசும் வெயில். உள்ளிருந்து வெளியே பார்க்கும் சாதாரணக் கேமராவில், வாசலில் நிற்பவர் கறுப்பு நிழலுருவாகத்தான் விழுவார். வெளிச்சத்தையும் இருட்டையும் ஒருசேரச் சமாளிக்கும் டபிள்யூ.டி.ஆர். வசதி உள்ள கேமராவே இங்கே உதவும். இரவில் வேறு தொல்லை. கேமராவின் அகச்சிவப்பு ஒளி பக்கத்துத் தூணின் வெள்ளையில் பட்டுத் திரும்பி, படம் முழுவதையும் வெளுத்துவிடும். ஆணி அடிக்குமுன் இரவில் ஒருமுறை கையில் பிடித்துச் சோதித்துப் பாருங்கள்.

பெட்டியில் வருவதன் குறை இங்கேதான் தெரியும். நான்கு கேமராவிலும் பெரும்பாலும் ஒரே லென்ஸ், 2.8 மி.மீ. அது ஏறத்தாழ 100 பாகை அகலத்துக்குக் காட்டும். ஒரு முகத்தை இன்னார் என்று அடையாளம் சொல்ல, காட்சியின் ஒரு மீட்டர் அகலத்தில் 250 புள்ளிகளாவது வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரநிலை. 1920 புள்ளிகள் கொண்ட 1080பி கேமராவில் இந்த லென்ஸ் இருந்தால், மூன்று மீட்டருக்கு அப்பால் நிற்பவரின் முகம் அந்த அளவை எட்டாது. ஆள் வந்தார் என்று தெரியும். யார் என்று தெரியாது. 6 மி.மீ. லென்ஸ் என்றால் ஏழெட்டு மீட்டர் வரை எட்டும். கொல்லைக் கதவுக்கு அதுதான் சரி. பொறுக்கிச் சேர்ப்பவருக்கு இந்தத் தேர்வு கையில் இருக்கிறது.

அப்படியானால் அக்காள் மகனிடம் விட்டுவிடலாமா? அவன் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கணினியில் அமைத்த ரிக்கார்டர் வளர்ப்புப் பிராணி மாதிரி. மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். மின்சாரம் போய் வந்தால் அது தானாக எழுந்து பதிவைத் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நாளைக்கு அவன் கோலாலம்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டால், அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் இருக்க மாட்டார். பெட்டியில் வந்த ரிக்கார்டர் என்றால், அது தெரிந்த கடைக்காரர்கள் ஊரில் நிறையப் பேர்.

ஆகவே அந்த வாசகருக்கு நான் சொன்னது நடுவழி. ரிக்கார்டர் கடையில் கிடைக்கும் தனிக்கருவியாகவே இருக்கட்டும். கேமராக்களை இடத்துக்கு ஏற்றபடி தனித்தனியாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் ஆன்விஃப் என்ற பொதுத்தரத்தை ஏற்பவையா என்று கேட்டு வாங்குங்கள். அப்படி இருந்தால், ஒன்று பழுதானால் வேறு நிறுவனத்தின் கேமராவைக்கூட அந்த இடத்தில் மாட்டலாம். கேபிள் இழுப்பதையும் இடம் பார்ப்பதையும் அக்காள் மகன் செய்யட்டும். எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

ஹார்ட் டிஸ்க்கில் சிக்கனம் வேண்டாம். ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு நாளைக்கு 43 ஜிபி ஆகும். நான்கு கேமராவுக்கு 1 டிபி டிஸ்க் ஆறு நாள்கூட முழுதாக வராது. பிறகு பழைய படத்தின் மேலேயே புதியது பதியும். எச்.265 முறையில் பதிந்தால் ஏறக்குறையப் பாதி இடம் போதும். நாள் முழுதும் எழுதிக்கொண்டே இருப்பதற்கென்று செய்யப்படும் டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். ரிக்கார்டரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். திருடன் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவான்.

எந்த வழியில் போனாலும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரிக்கார்டர்களையும் உலகம் முழுவதும் கைப்பற்றியது. அவற்றைக் கொண்டு இணையத்தின் பெரிய தளங்களையே முடக்கினார்கள். சொந்தக்காரர்களில் பலருக்குத் தங்கள் கேமரா அதில் சேர்ந்திருந்ததே தெரியாது.

இன்னொன்று, அம்மாவைக் கேளுங்கள். கேமரா படிக்கட்டையும் கதவுகளையும் பார்க்கட்டும். அவர் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தைப் பார்க்க வேண்டாம். கேமரா யாரையும் கையைப் பிடித்துத் தடுக்காது. அவருக்கு அன்றிரவு உதவப்போவது பின்கதவின் நல்ல தாழ்ப்பாளும், ஆள் நடமாடினால் எரியும் விளக்கும், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு அழைப்பு மணியும்தான். கீழே வாடிக்கையாளர் வந்துபோகும் கடை என்பதால் கேமரா இருப்பதாக ஓர் அறிவிப்பும் வையுங்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த வீட்டுத் தேவைக்கு விலக்கு தருகிறது. வியாபாரத்துக்கு அந்த விலக்கு இல்லை.

கடைசியாக ஒரு வேலை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று நாளைக்கு முந்தைய இரவுப் பதிவைத் தேடி எடுத்து ஓட்டிப் பாருங்கள். நேரம் சரியாக இருக்கிறதா, முகம் தெரிகிறதா, அதைத் தனியாக நகலெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். அந்த வாசகர் வீட்டில் யாராவது இதைச் செய்திருந்தால், டிஸ்க் செத்தது முன்பே தெரிந்திருக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்கு வீட்டில் ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்துவிட்டு, பிறகு கடைக்குக் கிளம்புங்கள்.