விழிப்புணர்வு யாருக்கு இல்லை?

போன வாரம் எங்கள் வகுப்பில் பருவநிலை மாற்றம் பற்றி ஒரு செமினார். பேசிய நண்பன் கடைசியில் ஒரு முத்தை உதிர்த்தான்: "படிக்காத ஜனங்களுக்கு அவேர்னஸ் இல்ல மச்சி, அதான் பிரச்சனையே." எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டித் தொலைத்தேன். கீழ்க்கட்டளை வந்து பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் எரிச்சல் வந்தது.

யேல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2009-ல் அமெரிக்கர்களை இந்த விஷயத்தில் ஆறு கூட்டமாகப் பிரித்தார்கள். பதறுகிறவர்கள் ஒரு முனை, 'எல்லாம் சும்மா' என்பவர்கள் மறு முனை. 2011-ல் இந்தியாவிலும் நாலாயிரம் பேரிடம் கேட்டு அதே மாதிரி ஆறாகப் பிரித்தார்கள். பத்துக்கு நாலு பேருக்கு புவி வெப்பமாதல் என்றால் என்னவென்றே தெரியவில்லையாம். நண்பன் பிடித்துக்கொண்டது இந்தக் கணக்கை மட்டும்தான். அதே ஆய்வில் 'அனுபவப்பட்டவர்கள்' என்று ஒரு கூட்டம் இருக்கிறது. விஷயஞானம் கம்மி, ஆனால் மாற்றம் நடக்கிறது என்பதில் சந்தேகமே இல்லாதவர்கள். அவர்களைப் பற்றி மூச்சு விடவில்லை.

எங்கள் தெருவில் கீரை விற்கும் ஆயாவிடம் 'கிளைமேட் சேஞ்ச்' என்றால் முழிப்பார். ஆனால் 2015 டிசம்பர் 1 அன்று (தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை!) எந்தச் சந்தில் தண்ணீர் முதலில் ஏறியது என்று கேளுங்கள், சொல்வார். எங்கள் ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு என்று வழியும் சொல்வார். 2019 கோடையில் தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்றதும் அவர்தான்.

சரி, அந்தச் சதுப்பு நிலத்தைத் தின்றது யார்? ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேர் இருந்ததாம். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது சுமார் 1,248 தான். ஏரி ஓரம் குடிசை போட்டவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஐ.டி. கட்டடங்களும், அடுக்குமாடிகளும், பெருங்குடி குப்பைமேடும் ஆயா போட்டதா? காற்றாலையை ஆராயும் தேசிய நிறுவனமே அந்தச் சதுப்பை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கிறது. அவேர்னஸுக்கு என்ன குறைச்சல் அங்கே?

நண்பன் வீடு பள்ளிக்கரணையில், அடுக்குமாடி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கீழ்த்தளத்தில் நின்ற கார் மூழ்கிவிட்டது. காரணம் என்னவென்று அவன் அப்பாவிடம் கேட்டேன்.

"கிளைமேட் சேஞ்ச் தம்பி" என்றார்.