முதலில் விழப் பழகுங்கள்



கல்முனைப் பக்கத்துத் தாய் ஒருவர் கேட்டிருக்கிறார். மகளுக்கு வயது 13. கூடப் படிக்கும் பிள்ளைகள் கராத்தே வகுப்புக்குப் போவதைக் கண்டு அவளும் ஆசைப்படுகிறாளாம். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த அடிதடி என்று மாமி சொல்கிறாராம். பிள்ளையின் வாப்பா வெளிநாட்டில்; போனில் கேட்டால், நீயே பார்த்துச் செய் என்கிறாராம். ஆகவே பொறுப்பு முழுவதும் அந்தத் தாயின் தலையில். இந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. கலியாண வீட்டிலும் கந்தூரி வீட்டிலும் என்னைக் காணும் உம்மாமார் பலரும் இதைத்தான் கேட்கிறார்கள். நான் ஆசானும் அல்லன், ஆலிமும் அல்லன். சிறு வயதில் கம்பு பிடித்து, பிறகு கொஞ்சம் ஜூடோவும் கராத்தேயும் பழகி, இன்றும் ஸுபஹுக்குப் பின் கடற்கரையில் ஆசைக்குக் கம்பு சுற்றுகிறவன். அந்த அளவில் என் அபிப்பிராயத்தைக் கேளுங்கள்.

அனுப்புங்கள் என்பதே என் பதில். ஆனால் யாரிடம், எதற்காக என்று பார்த்து அனுப்புங்கள். அதற்கு முன் பிள்ளைக்கல்ல, உம்மாவாகிய உங்களுக்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கலைகளோடு இருக்கிறேன். இதுவரை என்னை யாரும் தெருவில் மறித்து அடிக்க வந்ததில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பாசி பிடித்த கிணற்றடியில் வழுக்கியிருக்கிறேன். மழை நாளில் சைக்கிளோடு சரிந்திருக்கிறேன். கூரை ஓடு மாற்றப் போய் ஏணியோடு இறங்கியிருக்கிறேன். படித்தவற்றில் எனக்கு மெய்யாகப் பயன்பட்டது எது என்று கேட்டால், அடியும் அல்ல, தடையும் அல்ல, விழுதல்தான். ஜப்பானில் 1882இல் கானோ ஜிகோரோ தொடங்கிய ஜூடோவில், புதிதாக வந்தவருக்கு ஆளை எறியக் கற்றுக்கொடுக்கு முன்னர் விழத்தான் கற்றுக்கொடுப்பார்கள். நாள் கணக்கில் விழுவதே பாடம். அப்போது அலுப்பாக இருக்கும். அதன் அருமை கிணற்றடியில்தான் தெரியும்.

கால் வழுக்கியதும் மனிதனின் கை தானாக நீளும். நீட்டிய கையில் உடம்பின் பாரம் முழுவதும் இறங்கும்போது மணிக்கட்டு எலும்பு முறிகிறது. பின்புறமாக விழுந்தால் இன்னும் ஆபத்து. பின்மண்டை நிலத்தில் அடிபடும். இதற்குப் பழக்கம் சின்னதுதான். விழப் போகிறோம் என்று தெரிந்ததும் நாடியை நெஞ்சோடு ஒட்டுங்கள். தலை பின்னுக்குப் போகாது. முழங்காலை மடித்து உடம்பைத் தாழ்த்துங்கள். விழும் உயரம் குறையும். முதுகைப் பலகைபோல் வைக்காமல் தேங்காய்போல் உருட்டுங்கள். கைகளை ஊன்றாமல், உடம்புக்குச் சற்று விலக்கி, உள்ளங்கையும் முன்கையும் ஒன்றாகப் படும்படி நிலத்தில் அறையுங்கள். ஒரு புள்ளியில் இறங்க வேண்டிய பாரம் பரந்துபோகும். கதவைச் சாத்திக்கொண்டு, தும்பு மெத்தையை நிலத்தில் போட்டு, குந்தி இருந்தபடியே பின்னுக்கு உருண்டு பாருங்கள். பிள்ளைகளும் கூட வந்து உருளுவார்கள், வீடு சிரிக்கும்.

கர்ப்பிணிகளும் முதுகு, கழுத்து, முழங்கால் வருத்தம் உள்ளவர்களும் இதைச் செய்ய வேண்டாம். வயதான உம்மம்மாமாருக்கும் இது கூடாது. மாதவிடாய் நின்ற பின் பெண்களின் எலும்பு வேகமாக வலுவிழக்கிறது. இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்கள் மறுபடி பழையபடி நடப்பது கஷ்டம். அவர்களுக்கு விழாமல் இருக்கும் பயிற்சிதான் வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்கலாம். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி இருக்கலாம். தஹஜ்ஜுதுக்கு எழும்பும் வேளையில் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். குளியலறையில் ஒரு றப்பர் விரிப்பு போடுங்கள். பளபளக்கும் ரைல்ஸ் பதிக்கப் பணம் இருக்கும் வீட்டில் அந்த விரிப்புக்கு மட்டும் பணம் இல்லாமல் போவது எனக்கு இன்னும் விளங்காத விஷயம். ஸுஜூதிலிருந்து நிலைக்கு எழும்புவதும் தொடைக்கும் இடுப்புக்கும் வேலைதான். முடிந்தவர்கள் முடியும் மட்டும் அதை விட்டுவிடாதீர்கள். முழங்கால் முடியாதவர்கள் கதிரையில் தொழுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது மார்க்கம் தந்த சலுகை.

இனி மாமியின் கேள்விக்கு வருவோம்.

அடிதடி நம் ஊர்களுக்குப் புதிதல்ல. கிழக்குக் கரையில் சீனடி என்றும் சிலம்படி என்றும் சொல்லிக்கொண்டு நம் மூத்தவாப்பாமார் பழகியவைதான் இவை. சீனடி கையும் காலும் கொண்டு மோதுவது. சிலம்படிக்குக் கம்பு, சுற்றுகிறவரின் நெற்றி உயரம் இருந்தால் அவருக்குச் சரியான கம்பு. கலியாணத்துக்கும் சுன்னத்துக்கும் ஆடும் பொல்லடியை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு பொல்லோடு வட்டமாக நின்று, பாட்டுக்கு அடியெடுத்து, பக்கத்தில் நிற்பவரின் பொல்லில் தட்டிப் போவார்கள். அதை ஆட்டம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். கால் வைக்கும் முறையும், கண் ஒரு பக்கம் இருக்கக் கை மறுபக்கம் போவதும், பக்கத்தவரின் கையை நொறுக்காமல் அளந்து அடிப்பதும் கலைக்குரிய பாடங்கள்தான். அண்ணாவிமார் கண்டவனுக்கெல்லாம் கற்றுக்கொடுக்கவும் மாட்டார்கள். பொடியனின் குணத்தைப் பார்த்துத்தான் கம்பைக் கொடுப்பார்கள். ஆனால் இவை எல்லாம் ஆண்களின் முற்றத்தோடு நின்றுவிட்டன. பெண்கள் வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான். இப்போது பொடியன்மாரும் வருவதில்லை. கம்பு வைபவங்களுக்கு மட்டும் வெளியே வருகிறது. இது எனக்குக் கவலை. ஆனால் இன்றைய பேச்சு அதுவல்ல.

பெருநாள் ஒன்றில் மஸ்ஜிதுந் நபவியில் அபிஸீனியர்கள் ஈட்டிகளைக் கொண்டு விளையாட, நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களுக்குத் தம் போர்வையால் மறைப்புக் கொடுத்து, அவர்களுக்குச் சலிக்கும்வரை பார்க்க விட்டார்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. நாயகமும் ஆயிஷா நாயகியும் ஓட்டப்பந்தயம் வைத்ததை அபூதாவூதில் காணலாம். முதலில் அவர் முந்தினார், பின்னொரு காலம் நாயகம் முந்தினார்கள். ஹிஜ்ரி 3இல் உஹதுக் களத்தில் தண்ணீர் கொடுக்க வந்த உம்மு உமாரா நுஸைபா (ரழி), படை சிதறியபோது வாளெடுத்து நாயகத்தைக் காத்து நின்று தோளில் ஆழமான காயம் பட்டதை வரலாற்று நூல்கள் பேசுகின்றன. நம் மகள் வாளெடுக்கப் போவதில்லை. ஆனால் பெண்ணின் உடம்பில் பலம் இருப்பது வெட்கத்துக்குரிய விஷயம் என்று மாமி நினைத்தால், அது மார்க்கத்திலிருந்து வந்ததல்ல என்று மரியாதையாகச் சொல்லலாம்.

உடுப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சவூதியின் வுஜ்தான் ஷஹ்ர்கானி ஜூடோவுக்கு வந்தபோது, தலையை மூடி மோதக் கூடாது என்று முதலில் சொன்னார்கள். பேசிப் பார்த்து, கழுத்தில் இறுகாத ஒரு தலையுறைக்குச் சம்மதித்தார்கள். ஒன்றரை நிமிஷத்துக்குள் அந்தப் பிள்ளை தோற்றுவிட்டாள். ஆனாலும் களத்தில் இறங்கினாள். எகிப்தின் ஹிதாயா மலாக் தலையை மூடிக்கொண்டே டைக்குவாண்டோவில் 2016இல் ரியோவிலும், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் வெண்கலம் எடுத்தாள். ஆகவே முக்காடு தடை என்று எந்த மாஸ்டரும் சொன்னால் நம்ப வேண்டாம். குண்டூசி மட்டும் கூடாது. அது தன் கண்ணையும் குத்தும், பிறர் கையையும் கிழிக்கும்.

வகுப்பைத் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது மாஸ்டரின் பட்டி நிறத்தை அல்ல. பெண்பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுவிப்பாளர் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உம்மாமார் வகுப்பு முடியும்வரை இருந்து பார்க்க இடம் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். இடம் கொடுக்காத வகுப்பு எவ்வளவு பேர்பெற்றதானாலும் திரும்பி வாருங்கள். காலைத் திருத்தவும் தோளை நிமிர்த்தவும் வாயால் சொன்னால் போதும். கையால் தொட்டுத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பவரிடம் பெண்பிள்ளையை விடாதீர்கள். தனியாக மேலதிகப் பயிற்சி தருகிறேன் என்பவரிடம் அறவே விடாதீர்கள். வீட்டுக்கு வந்த பிள்ளை நாளைக்குப் போகவில்லை என்றால், கட்டிய காசு வீணாகிறதே என்று அதட்டாமல் ஏன் என்று கேளுங்கள். பிள்ளைக்கு ஏதும் நடந்ததாகத் தெரிந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு யாரும் பேசலாம்.

தலை குனிந்து வணங்கும் முறையையும் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். ஜப்பானியக் கலைகளில் வகுப்புத் தொடங்கும்போதும் முடியும்போதும் குனிவது அவர்களுடைய நாட்டு மரியாதை. நமக்கோ ருகூஉம் ஸுஜூதும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியவை. நெஞ்சில் கை வைத்து ஸலாம் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளும் வகுப்புகள் இருக்கின்றன. நல்ல மாஸ்டர் இதற்கு மறுக்க மாட்டார். சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டிப் பரீட்சைகள் இன்னொரு விஷயம். ஒவ்வொரு நிறத்துக்கும் கட்டணம், சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் என்று போகும். ஒரு வருஷத்தில் கறுப்புப் பட்டி என்று யாராவது சொன்னால், அது துணியின் விலை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, படித்த பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? வளர்ந்த ஆணொருவன் மறித்தால் 13 வயதுப் பிள்ளை அவனை அடித்து வீழ்த்தி விடுவாள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லும் வகுப்பு பிள்ளையை ஆபத்தில் தள்ளுகிறது. அவளுக்குக் கிடைப்பது சத்தம். நம் பிள்ளைகளைச் சின்ன வயதிலிருந்தே குரல் தாழ்த்திப் பேசச் சொல்லி வளர்க்கிறோம். நல்லதுதான். ஆனால் அக்கரைப்பற்று பஸ்ஸில் ஒருவன் உரசும்போதும், ரியூஷன் முடிந்து வரும் ஒழுங்கையில் ஒருவன் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தும்போதும் அந்தக் குரல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. வகுப்பில் நூறு தரம் அடிவயிற்றிலிருந்து கத்திப் பழகியவளுக்கு அந்த நேரம் சத்தம் வரும். ஓர் அடி பின்வைத்து, கைகளை முன்னே உயர்த்தி, உரக்கக் கத்தி, ஆட்கள் இருக்கும் பக்கம் ஓடுவதுதான் பாடம். கையைப் பிடித்தால் பிடித்தவனின் பெருவிரல் பக்கமாகத் திருகி இழுக்க வேண்டும். பிடியில் பலமில்லாத இடம் அதுதான். விடுபட்டதும் மறுபடி ஓட்டம்தான், நின்று சண்டை பிடிப்பதல்ல.

சட்டமும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. ஆனால் தேவைக்கு மிஞ்சித் தீங்கு செய்ய அது இடந்தராது. பஸ்ஸில் உரசுவதும் கண்ட வார்த்தை பேசுவதும் சின்ன விஷயமல்ல. 1995இல் திருத்தப்பட்ட 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவுக்கு ஐந்து வருஷம்வரை சிறை உண்டு. இதை மகளுக்குச் சொல்லி வையுங்கள். மகன்மாருக்கும் சொல்லி வையுங்கள்.

மகன் என்றதும் ஒன்று நினைவு வருகிறது. வகுப்பில் படித்ததைத் தங்கச்சியின் மேல் பரீட்சித்துப் பார்க்கும் பொடியன்மார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அப்படிச் செய்கிறவனை ஒரு மாதம் வகுப்பிலிருந்து நிறுத்துங்கள். மாஸ்டரிடமும் காரணத்தைச் சொல்லுங்கள். பலசாலி என்பவன் ஆளை வீழ்த்துகிறவன் அல்லன், கோபத்தில் தன்னை அடக்குகிறவன் என்றும், சண்டையிலும் முகத்தில் அடிக்கக் கூடாது என்றும் நாயகம் சொன்னதை அவனுக்கு உட்கார்த்திச் சொல்லுங்கள்.

இன்னொரு சகோதரி, பெயர் எழுதாமல், புருஷன் கை நீட்டுகிறார், அதற்குத் தடுக்கும் முறை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். சகோதரி, முறை இருக்கிறது. ஆனால் அதை நான் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டேன். ஒரே கூரைக்குள் இரவும் பகலும் இருக்கிறவரை ஒரு தரம் தடுத்தால், அடுத்த தரம் அவர் இன்னும் பலமாக வருவார். உங்களுக்கு வேண்டியது ஆள் துணையும் சட்டத் துணையும். வாப்பாவிடமும் காக்காமாரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். நம் பக்கத்து வழக்கப்படி அந்த வீடு பெரும்பாலும் உங்கள் சீதன வீடாகத்தான் இருக்கும். போக வேண்டியவர் நீங்கள்தான் என்று யாரும் சொல்ல முடியாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாளைக்கு, முழுக் கட்டளை 12 மாதம்வரை. பொலிஸிலுள்ள பெண்கள், சிறுவர் பிரிவுக்குப் போகலாம். பெண்களுக்கான 1938இலும் பேசலாம். ஸப்ர் செய் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள் இருப்பார்கள்; அடிபடுவதற்குப் பெயர் ஸப்ர் அல்ல.

முதலில் கேட்ட தாய்க்கு ஒரு வேலை மிச்சம். மகளைச் சேர்க்குமுன், மீள்கிற துணியில், ஊசி தேவைப்படாதபடி நாடிக்குக் கீழே தைத்த முக்காடு இரண்டு தைத்து வையுங்கள். ஒன்று வியர்வையோடு கழுவப் போனால் மற்றது கையில் இருக்கும். மாமிக்குத் தையல் தெரிந்தால் அவரிடமே கொடுத்துத் தைப்பியுங்கள்.