நாமும் ஒரு தொகுப்பான் எழுதுவோம்

உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் எவரிடமும் தொகுப்பான், அதாவது கம்பைலர், என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். உயர்நிலை மொழியில் எழுதிய செய்நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது என்று தடுமாறாமல் சொல்வார். மொழிமாற்றிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடுகளைக் கேட்டால் கொப்பியில் கோடு கிழித்து அட்டவணையும் போட்டுத் தருவார். அந்தத் தொகுப்பானை யார் எழுதினார், எந்த மொழியில் எழுதினார், அதை எது தொகுத்தது என்று கேட்டால் மட்டும் மௌனம். புள்ளி கிடைக்கும் இடம் அட்டவணையோடு முடிந்துவிடுகிறது அல்லவா?

இப்பாடத்தை எடுக்கும் ஒவ்வொரு மாணவியும் ஒரு தடவையாவது மிகச் சிறிய தொகுப்பான் ஒன்றை எழுத வேண்டும் என்பது என் கருத்து. அதுவும், தன்னையே தொகுத்துக்கொள்ளும் தொகுப்பானாக அது இருக்க வேண்டும்.

ஒரு மொழிக்கான தொகுப்பானை அதே மொழியில் எழுதுவதைத்தான் அப்படிச் சொல்கிறேன். உம்மா தயிர் உறைய வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. பாலில் விடுவதற்கு ஒரு கரண்டி பழைய தயிர் வேண்டும். அப்படியென்றால் முதல் தயிர் எங்கிருந்து வந்தது? 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டிம் ஹார்ட், மைக் லெவின் இருவரும் லிஸ்ப் மொழிக்கான தொகுப்பானை லிஸ்பிலேயே எழுதினார்கள். ஏற்கனவே இருந்த லிஸ்ப் மொழிமாற்றியில் அதை ஓட்டி, அதனிடமே அதைத் தொகுக்கக் கொடுத்தார்கள். சூரிச்சில் நிக்லாஸ் விர்த் குழுவினர் பாஸ்கல் தொகுப்பானைப் பாஸ்கலிலேயே எழுதி, அதைக் கையால் கீழ்நிலை மொழிக்கு மாற்றினார்கள். கையால்! நமக்கு அந்தச் சிரமம் இல்லை. பாடத்திட்டத்திலேயே பைதன் இருக்கிறது. முதல் தொகுப்பானை அதில் எழுதலாம். பிறகு நமது சின்ன மொழியில் அதையே திருப்பி எழுதலாம்.

"கூட்டல் கழித்தலை மாற்றும் சின்னத் தொகுப்பான் ஒன்று எழுதினால் போதாதா? தன்னையே தொகுப்பது வெறும் பெருமைக்குத்தானே?" என்று என் நானா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நிபந்தனைதான் ஆசிரியர் வேலையைச் செய்கிறது. விடுமுறையில் நான் எழுதிய மொழியில் முழு எண்கள், எண்களின் அணி, ஒரு நிபந்தனைக் கூற்று, ஒரு மடக்கு, சார்புகள், ஓரெழுத்தை வாசிக்கவும் ஓரெழுத்தை எழுதவும் இரண்டு கட்டளைகள், இவ்வளவே உண்டு. தசம எண் வேண்டுமா என்று யோசித்தேன். தொகுப்பானுக்குள் தசமம் எங்கே வருகிறது? வரவே இல்லை. எனவே வேண்டாம். இரண்டாவது வகை மடக்கு சேர்த்தால் எழுதுவது இலகுவாகும், ஆனால் அதைத் தொகுக்கும் வரிகளையும் நானேதான் எழுத வேண்டும். ஒவ்வொரு வசதிக்கும் விலை உண்டு, அதைச் செலுத்துவதும் நாமே. கணக்குத் தொகுப்பான் இந்தப் பேரத்தைக் கற்றுத் தராது. மொழியில் எது அவசியம், எது அலங்காரம் என்று எந்தப் பாடக்குறிப்பும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

(மொழியின் சொற்களைத் தமிழில் வைக்கலாமே என்று தோழி ஒருத்தி கேட்டாள். தாராளமாக வைக்கலாம். ஆனால் நாம் ஓரெழுத்தாக எழுதும் 'கி' யூடிஎஃப்-8 முறையில் 6 பைட்டு. வாசிக்கும் பகுதியை எழுதும்போது இது நினைவில் இருக்கட்டும்.)

இன்னொரு வசதி, சரிபார்க்க யாரும் தேவையில்லை. பைதன் தொகுப்பானால் தொகுக்கப்பட்டது முதல் பிரதி. அந்தப் பிரதி தன் மூலத்தைத் தொகுத்துத் தருவது இரண்டாவது. இரண்டாவது தருவது மூன்றாவது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரு பைட்டும் மாறாமல் ஒத்திருக்க வேண்டும். ஜிசிசி என்ற பெரிய தொகுப்பானும் தன்னைக் கட்டும்போது இதே ஒப்பீட்டைத்தான் செய்கிறது.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது நம்பிக்கை பற்றிய விடயம். யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தொம்ப்சன், 1984இல் வெளியான தமது ட்யூரிங் விருது உரையில் ஒரு தந்திரத்தை விளக்கினார். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் செய்நிரலைத் தொகுக்கும்போது, தனக்கு மட்டும் தெரிந்த கள்ளக் கடவுச்சொல் ஒன்றையும் ஏற்கும்படி தொகுப்பானை மாற்றிவிடலாம். தொகுப்பான் தன்னையே தொகுக்கும்போது அந்தத் தந்திரத்தையும் சேர்த்து எழுதும்படி செய்துவிடலாம். பிறகு மூலக் குறிமுறையிலிருந்து அந்த வரிகளை அழித்துவிட்டாலும் தந்திரம் பிரதிக்குப் பிரதி தொடரும். மூலத்தை வரி வரியாக வாசித்தாலும் ஒன்றும் அகப்படாது.

இதை வாசித்தபோது எனக்கு ஹதீஸ் பாடம் ஞாபகம் வந்தது. மத்ன் அழகாக இருப்பது மட்டும் போதாது. ஸனதில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் நம்பகமானவர்களா என்றும் பார்க்க வேண்டும் என்றல்லவா அங்கே படிக்கிறோம்? தொகுப்பானுக்கும் ஒரு ஸனது இருக்கிறது. இதை எது தொகுத்தது, அதை எது தொகுத்தது என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போகலாம். கைபேசியில் எதையாவது தரவிறக்கும் நாம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கேட்கத் தெரியாதவர்களாக நம்மை வைத்திருப்பது அந்த அட்டவணைதான் என்பேன்.

இப்பயிற்சி எல்லாவற்றையும் தராது. நல்ல தொகுப்பான்கள் குறிமுறையை வேகமாக்கச் செய்யும் வேலைகள் இதில் வருவதில்லை. என்னுடையது உண்மையான புரொசசருக்குக்கூட எழுதுவதில்லை. எண்களை அடுக்கில் போட்டு எடுக்கும் கற்பனை இயந்திரம் ஒன்றுக்குத்தான் எழுதுகிறது. பரீட்சையில் இதற்கு ஒரு புள்ளியும் கிடைக்காது. உயர்தரம் முடியட்டும், பல்கலைக்கழகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நம்மில் எத்தனை பேர் அந்த வாசலை எட்டுவோம்? கையில் ஒரு கணினியும் சில வார விடுமுறையும் இருக்கும் இப்போது முடிவதை ஏன் தள்ளிப் போட வேண்டும்?

பெரிதாக எழுத வேண்டும் என்ற பயமும் தேவையில்லை. ரொபர்ட் ஸ்வியர்செக்கின் சி4 நான்கே சார்புகளால் ஆனது. அது தன் மூலத்தைத் தானே தொகுத்து ஓட்டும். ஃபப்ரீஸ் பெல்லார் 2001இல் குழப்பமான சி செய்நிரல்களுக்கான சர்வதேசப் போட்டிக்காக, தன்னையே தொகுக்கும் குட்டித் தொகுப்பான் ஒன்றை எழுதினார். அதுவே வளர்ந்து டிசிசி ஆனது. 2023இல் குனு கீக்ஸ் குழுவினர் தமது முறைமையின் ஸனதை ஆரம்பம் வரை தோண்டிச் சென்றபோது, அந்த டிசிசியும் நடுவில் ஒரு கண்ணியாக வந்தது. அந்தச் சங்கிலியின் முதற் கண்ணி 357 பைட்டு. பதினறும எண்களில் எழுதினால் 714 இலக்கங்கள், இந்த மலரின் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.