இனாமும் கூலியும்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் முழுச் சாப்பாடு உண்போர்க்கு, இலையில் சோறு குறையுமுன் பரிமாறுவோர் மீண்டும் வந்து நிற்பர். உண்டெழுவோருள் சிலர் சோம்புத் தட்டில் சில்லறை வைப்பர்; சிலர் வையாது செல்வர். இவ்விருப்புரிமை செம்மையானதென்பதே நம் கருத்து.

அமெரிக்காவிலும் தட்டு நிறையவே உணவு வருகின்றது. ஆயினும் இனாம் பெறும் பணியாளர்க்கு முதலாளி நேரே தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலரே, 1991 முதல் அஃது உயரவில்லை. பல மாநிலங்கள் மிகுதியாக விதித்துள்ளனவெனினும், ஏனைய இடங்களில் கூலியின் பெரும்பகுதி உண்போர் தலையிலேயே விழுகின்றது. அங்கே இனாம் அன்பளிப்பன்று; கடமையே.

நம் நாட்டிலும் சில உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமே பில்லில் சேர்த்துவந்தன. அது கூடாதென 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதித்தது. 2025 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றம் அவ்விதியை நிலைநிறுத்திற்று. நன்றே. ஆயின் கட்டாயம் நீங்கியதால் பரிமாறுவோரின் வயிறு நிறைந்துவிடாது. கூலி போதாதெனின், முதலாளிகள் சாப்பாட்டின் விலையை வெளிப்படையாக உயர்த்தி, அவ்வுயர்வைப் பணியாளர்க்கே அளிப்பாராக. நாமும் முகங்கோணாது கொடுப்போமாக.

கூலி முதலாளியின் கடன். இனாம் உண்டோரின் நன்றி. ஒன்று மற்றொன்றற்கு ஈடாகாதென்பதை நம் மாணாக்கர் மறவாதிருப்பாராக.