குயினுக்கு விசில்... டிராக்குக்குமா?

கோவையில் குயின் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு 1985 ஜூலை 13-க்குப் போய்விடும். லண்டன் வெம்ப்ளியில் லைவ் எய்ட். நம்ம பஞ்ச்கனி பள்ளியில் பியானோ படித்த ஃபிரெடி மெர்க்குரி, பியானோ முன் உட்கார்ந்து ‘பொஹீமியன் ராப்சடி’யைத் தொடங்கினார். சுமார் 20 நிமிடத்தில் மைதானமே அவர்கள் கையில். "அதான்யா லைவ்!" சரிதான்.

ஆனால் அந்தப் பாட்டின் நடுவில் வரும் ஓபரா பகுதியில் குரல்கள் அடுக்கடுக்காக வரும். மேடையில் அப்படியே பாடுவது நடக்காத காரியம். குயின் என்ன செய்தார்கள்? கச்சேரிகளில் அந்த இடத்துக்கு டேப்பை ஓடவிட்டு, மேடையை விட்டே இறங்கிப் போனார்கள். பாடுவது போல நடிக்கவில்லை!

இங்கே? பீளமேட்டிலிருந்து பொள்ளாச்சி வரை எத்தனையோ விழா மேடைகளில் பென்டிரைவில் டிராக் ஓடுகிறது. கீபோர்டு மேல் விரல்கள் சும்மா டான்ஸ் ஆடுகின்றன. அதே ரசிகர்கள் அதே விசில்! டிராக் போடுவது தப்பில்லை, செலவு மிச்சம். வாசிப்பதாக நடிப்பதுதான் மோசடி. வருஷக்கணக்காகப் பயிற்சி செய்தவருக்கும் நடிப்பவருக்கும் ஒரே கைதட்டல் என்றால், இனி யார் பயிற்சி செய்வார்?

அடுத்த விழாவுக்கு ஆள் பேசும்போது கமிட்டிக்காரர்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: "ஏனுங்க, வாசிக்கறீங்களா, ஓட உடறீங்களா?"