வேண்டாத ஒப்பந்தத்தை யார் தலையில் கட்டுவது? என்.பி.ஏ. அணிகளின் சம்பளக் கணக்கு!

ஒரு நல்ல வீரரை வாங்க அணிகள் போட்டி போடுவது நமக்குப் புரியும். ஆனால், "இவரைத் தயவுசெய்து எடுத்துக்கிட்டுப் போங்க... கூடவே இன்னொரு நல்ல வீரரையும் சேர்த்துத் தர்றோம்" என்று ஓர் அணி இன்னோர் அணியிடம் கெஞ்சுமா? அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரில் இது அடிக்கடி நடக்கும். 'சேலரி டம்ப்' என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அதாவது, அதிகச் சம்பள ஒப்பந்தம் ஒன்றை அடுத்த அணியின் தலையில் கட்டிவிட்டு, மிஞ்சும் இடத்தில் புது வீரரை எடுப்பது.

ஏன் இந்தக் கஷ்டம்? பிடிக்கவில்லையென்றால் வீரரை நீக்கிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். ஐ.பி.எல்-லில் ஒரு வீரரை ஏலத்துக்கு முன்பு விடுவித்தால், அவருக்கான தொகை அணியின் பர்ஸுக்குத் திரும்பிவிடும். என்.பி.ஏ-வில் கதையே வேறு. அங்கே பெரும்பாலான ஒப்பந்தங்கள் முழு உத்தரவாதம் கொண்டவை. 4 வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டால் 4 வருஷப் பணமும் கொடுத்தாக வேண்டும். வீரரை வெளியே அனுப்பினாலும் அந்தத் தொகை அணியின் கணக்கில் நின்றுகொண்டே இருக்கும். இதற்கு மேல் 'சேலரி கேப்' என்ற சம்பள உச்சவரம்பு வேறு. ஆக, ஒரு தப்பான ஒப்பந்தம் பணத்தை மட்டும் தின்பதில்லை. அடுத்த நட்சத்திரம் உட்கார வேண்டிய நாற்காலியையும் பிடித்துக்கொள்கிறது.

இதைப் புரிந்துகொள்ள லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் கதையைவிட நல்ல பாடம் கிடையாது.

பணம் கொட்டிய கோடைக்காலம்

2014-ல் என்.பி.ஏ. நிர்வாகம் தொலைக்காட்சி நிறுவனங்களுடன் 9 ஆண்டுகளுக்கு 2,400 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. அந்தப் பணம் 2016-17 சீசனிலிருந்து வரத் தொடங்கியது. வருமானத்தில் சுமார் பாதி வீரர்களுக்குப் போக வேண்டும் என்பது விதி. அதனால், 7 கோடி டாலராக இருந்த சம்பள உச்சவரம்பு ஒரே வருஷத்தில் 9.4 கோடி டாலராக எகிறியது. இந்த உயர்வைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொடுக்கலாம் என்று லீக் சொன்னபோது, வீரர்கள் சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை.

விளைவு? 2016 ஜூலையில் எல்லா அணிகளின் கையிலும் காசு. செலவழிக்கத் தகுந்த வீரர்களோ கொஞ்சம் பேர்தான்.

லேக்கர்ஸின் நிலைமை இன்னும் மோசம். கோபி பிரையன்ட் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். அவருடைய கடைசி சீசனில் அணி வென்றது வெறும் 17 ஆட்டங்கள், தோற்றது 65. அணியின் வரலாற்றிலேயே மோசமான சீசன் அது. பெரிய நட்சத்திரங்கள் யாரும் வரத் தயாராக இல்லை. அந்த நேரத்தில்தான் ரஷ்ய வீரர் டிமோஃபே மொஸ்கோவுக்கு 4 ஆண்டுகளுக்கு 6.4 கோடி டாலர் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய பிளே-ஆஃப் ஆட்டங்களில் கிளீவ்லாண்டில் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தவர் அவர். லூவால் டெங்குக்கு 7.2 கோடி. ஆக, இரண்டு பேருக்கும் சேர்த்து 13.6 கோடி டாலர்.

ஒரே சீசனில் கணக்கு கைமீறியது. கடைசிக் கட்டத்தில் இளைஞர்களுக்கு வாய்ப்பு கொடுக்க வேண்டும் என்று இரண்டு பேரையும் உட்கார வைத்துவிட்டார்கள். ஒப்பந்தம் போட்ட நிர்வாகிகளும் 2017 பிப்ரவரியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒப்பந்தம் மட்டும் அங்கேயே இருந்தது.

ரஸல் என்ற 'ஸ்வீட்டனர்'

புதிதாகப் பொறுப்பேற்ற மேஜிக் ஜான்சனும் ராப் பெலிங்காவும் 2018 கோடைக்காலத்தைக் குறிவைத்தார்கள். பெரிய நட்சத்திரங்களை இழுக்க வேண்டுமென்றால் மொஸ்கோவின் சம்பளம் கணக்கிலிருந்து போக வேண்டும். யார் வாங்குவார்கள்?

புரூக்ளின் நெட்ஸ் வாங்கியது, ஆனால் சும்மா வாங்கவில்லை. 2013-ல் பாஸ்டனுடன் செய்த ஒரு வர்த்தகத்தில் தன் டிராஃப்ட் வாய்ப்புகளையெல்லாம் கொடுத்துவிட்டு, இளம் வீரர்கள் இல்லாமல் தவித்த அணி அது. அதனிடம் இருந்த ஒரே சொத்து சம்பளக் கணக்கில் இருந்த காலி இடம். அதைத்தான் விற்றது. விலை: டி'ஆஞ்சலோ ரஸல். 2015 டிராஃப்ட்டில் லேக்கர்ஸ் 2-வது இடத்தில் தேர்ந்தெடுத்த, அப்போது 21 வயதே ஆன வீரர். 2017 ஜூனில் மொஸ்கோவும் ரஸலும் புரூக்ளின் போனார்கள். பதிலுக்கு, ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வருஷம் மிச்சமிருந்த புரூக் லோபஸும், 27-வது டிராஃப்ட் வாய்ப்பும் லேக்கர்ஸுக்கு வந்தன.

கவனியுங்கள்... ரஸல் இங்கே வர்த்தகப் பொருள்கூட இல்லை, கசப்பு மருந்தோடு சேர்த்துக் கொடுத்த சர்க்கரை. அங்கே இதை 'ஸ்வீட்டனர்' என்றே சொல்கிறார்கள்.

யாருக்கு லாபம்?

லேக்கர்ஸின் கணக்கு பலித்தது என்பதை மறுக்க முடியாது. அடுத்த வருஷமே லெப்ரான் ஜேம்ஸ் வந்தார். 2020-ல் கோப்பையும் வந்தது. அந்த 27-வது வாய்ப்பில் எடுத்த கைல் குஸ்மா கோப்பை வென்ற அணியில் இருந்தார்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். புரூக்ளின் போன ரஸல், 2019-ல் ஆல் ஸ்டார் ஆனார். அணியை பிளே-ஆஃப் வரை கொண்டுபோனார். ஒரு வருஷத்தில் லேக்கர்ஸை விட்டுப் போன லோபஸ், மில்வாக்கியில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்து 2021-ல் கோப்பை வென்றார். டெங்கை யாரும் எடுக்க முன்வராததால், பேசித் தீர்த்துக் கழற்றிவிட வேண்டியதாயிற்று. அவர் பெயரில் ஒரு தொகை 2021-22 சீசன் வரை லேக்கர்ஸ் கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மொஸ்கோவ்? புரூக்ளினில் 31 ஆட்டங்கள். பிறகு 2018 கோடையில் சார்லட்டுக்கு மாற்றினார்கள், அங்கிருந்து அடுத்த சில நாள்களில் ஆர்லாண்டோவுக்கு. அங்கே ஒரு ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. அவருடைய என்.பி.ஏ. வாழ்க்கை அத்தோடு முடிந்தது. ஒவ்வொரு முறையும் இடம் மாறியது ஒரு 7 அடி மனிதர் என்பதைவிட, ஒரு சம்பள எண் என்று சொல்வதே பொருத்தம்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். ரசிகர்கள் திட்டுவது எப்போதும் வீரரைத்தான். 'தண்டச் சம்பளம்' என்று அவர் பெயரைச் சொல்லியே கிண்டலடிப்பார்கள். ஆனால், நீட்டப்பட்ட பேப்பரில் கையெழுத்துப் போட்டதைத் தவிர மொஸ்கோவ் செய்த தப்பு என்ன? உங்கள் ஆபீஸில் இரண்டு மடங்கு சம்பளம் தருகிறோம் என்றால், 'நான் அவ்வளவுக்கு வொர்த் இல்லை சார்' என்று நீங்கள் சொல்வீர்களா? விலையை நிர்ணயித்தவர் அணி நிர்வாகி. அதை அடைத்தவரோ, அந்தப் பேச்சுவார்த்தைக்குச் சம்பந்தமே இல்லாத ரஸல்.

இப்போது நிலைமை இன்னும் கடினம்

அன்றைக்காவது தலையில் கட்ட ஆள் கிடைத்தது. 2023-ல் வந்த புதிய ஒப்பந்தத்தில், 'இரண்டாவது ஏப்ரன்' என்ற ஓர் உயரமான கோடு போட்டார்கள். சம்பளச் செலவில் அந்தக் கோட்டைத் தாண்டிய அணி, இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை வாங்கக்கூட முடியாது. பெரிய ஒப்பந்தங்களைக் கண்டாலே எல்லா அணிகளும் இப்போது ஓர் அடி பின்னால் போகின்றன.

2025 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். மில்வாக்கி அணி, குதிகால் தசைநார் கிழிந்து காயத்தில் இருந்த டேமியன் லில்லார்டை விடுவித்தது. 2 வருஷத்துக்கான சுமார் 11.3 கோடி டாலர் பாக்கியை 5 வருஷமாகப் பரப்பி, ஆண்டுக்குச் சுமார் 2.25 கோடி என்று கணக்கில் ஏற்றிக்கொண்டது. அதே மாதம் ஃபீனிக்ஸ் அணி பிராட்லி பீலை விடுவித்தது. தன் சம்மதம் இல்லாமல் தன்னை மாற்றக் கூடாது என்ற உரிமை அவர் ஒப்பந்தத்திலேயே இருந்ததால், யார் தலையிலும் கட்ட முடியவில்லை. இப்போது 2029-30 சீசன் வரை ஆண்டுக்குச் சுமார் 1.94 கோடி டாலர், அணியில் இல்லாத ஒருவருக்காக ஃபீனிக்ஸ் கணக்கில் நிற்கும். நம்ம ஊர் பாஷையில் சொன்னால், வண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் இ.எம்.ஐ. கட்டுவது!

ஆக, அடுத்த முறை 'சம்பளச் சுமையை இறக்கியது அணி' என்று செய்தி வந்தால், சுமை போனதை மட்டும் பார்க்காதீர்கள். கூடவே யாரை அனுப்பினார்கள், கிடைத்த இடத்தில் யாரை உட்கார வைக்கப்போகிறார்கள், பழைய கணக்கு எந்த வருஷம் முடிகிறது... இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள். லேக்கர்ஸுக்கு இரண்டாவது கேள்விக்கு லெப்ரான் என்ற பதில் கிடைத்தது. எல்லா அணிகளுக்கும் லெப்ரான் வருவதில்லை.

ஒரு கொசுறுத் தகவல்: அதே ரஸலை 2023 பிப்ரவரியில் லேக்கர்ஸ் திரும்ப வாங்கியது. 2024 டிசம்பரில் மறுபடியும் விற்றது. எந்த அணிக்குத் தெரியுமா? புரூக்ளினுக்கே!