ஒற்றை முள் மணிக்கூடு

ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலே, சோள வயல்களின் நடுவே பிஷப் ஹில் என்றொரு சிற்றூர் உண்டு. அன்பர்களே, இவ்வாரம் அங்குள்ள பழைய கட்டடங்களைச் சுற்றிப் பார்ப்போம்.

சுவீடன் தேசத்துப் போதகர் எரிக் யான்சன், வேதாகமம் ஒன்றே போதுமென்று கூறி, 1844 ஆம் ஆண்டில் ஏனைய சமய நூல்களைத் தீயிலிட்டார். அரச திருச்சபையின் சினத்துக்கு ஆளான அவர், 1846 இல் தம் அடியாருடன் இங்கு குடியேறினார். தாம் பிறந்த ஊரின் பெயரையே ஆங்கிலத்தில் மாற்றி இதற்குச் சூட்டினார். சொத்தும் உணவும் யாவர்க்கும் பொது. முதற் குளிர்காலத்தை மண்சரிவிலே தோண்டிய குழிகளிற் கழித்தனர், பலர் மாண்டனர்.

அத்தகையோர் 1848 இல் எழுப்பிய தேவாலயத்துள் நுழைவோம். வழிபாட்டு மண்டபம் மேல்மாடியிலே உள்ளது. வால்நட் மரத்தாற் செய்த வாங்குகளை நடுவே ஒரு தடுப்புப் பிரிக்கின்றது. ஒருபுறம் ஆடவர், மறுபுறம் பெண்டிர். கீழ்த்தளங்களில் என்ன இருந்தது தெரியுமா? சிறு சிறு அறைகள், அறைக்கொரு குடும்பம்! குழந்தை அழுதால் மேலே பிரசங்கத்துக்குக் கேட்டிருக்குமே என்று நாம் எண்ணாமலில்லை.

1849 இல் வாந்திபேதி நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. மறுவருடம் யான்சனும் வீழ்ந்தார். அவருடைய உறவுப் பெண்ணை மணந்த ஜோன் றூட் என்பவன், மனைவியைக் குடியிருப்பிலிருந்து அழைத்தேக முயன்றான்; குடியிருப்பினர் அவளை மீட்டுவந்தனர். அந்த வழக்கு நடந்த நீதிமன்றத்திலேயே அவன் யான்சனைச் சுட்டுக் கொன்றான். நிலத்தைப் பொதுவாக்கிய கூட்டம் ஒரு குடும்பத்தின் பூசலையும் பொதுவாக்கியது பெரும் பிழையென்றே எமக்குத் தோன்றுகின்றது.

ஆயினும் கட்டடவேலை நிற்கவில்லை. 1854 இல் எழுந்த கோபுரக் கட்டடத்தை அண்ணாந்து பாருங்கள். அதன் மணிக்கூட்டுக்கு மணி முள் மட்டுமே உண்டு. விடியுமுன் வயலுக்குச் செல்வோருக்கு நிமிடக் கணக்கு எதற்கு?

1857 இன் பொருளாதார நெருக்கடியாற் கடன் பெருகியது. 1861 இற் பொதுச்சொத்து பங்கிடப்பட்டது. பொதுப் போசனசாலையைக் கொண்டிருந்த நான்கு மாடிச் செங்கல் மாளிகை 1928 இல் எரிந்து சாம்பலாயிற்று.

சிறுவனாக இங்கு வந்த ஓலோஃப் கிரான்ஸ், முதுமையில் நினைவிலிருந்து தீட்டிய ஓவியங்கள் இவ்வூரிலே காப்பாற்றப்பட்டுள்ளன. ஒன்றிலே, இரு முனைகளிலும் கயிற்றை இழுத்துப் பிடித்திருக்க, பெண்கள் நீண்ட ஒரே வரிசையில் நின்று சோளம் நடுகின்றனர்.